கோழிகளுக்குப் போன சோறு

1

போகியன்று நம் ஊரில் கிழிந்த பாயையும் உடைந்த முறத்தையும் வாசலில் இட்டு எரிப்போம். மலாக்காவின் காஜா பேராங்கில், நான் குடியிருக்கும் தெருவிலோ, அன்று மாலை மறைந்த முன்னோரை வீட்டுக்கு அழைத்து வாழையிலையில் உணவு படைக்கிறார்கள். நாள் ஒன்றே, பெயரும் ஒன்றே. நாம் பழையதை வெளியேற்றும் நாளில் இவர்கள் பழையவர்களுக்குக் கதவு திறக்கிறார்கள்.

இத்தெருவினர் பல தலைமுறைகளுக்கு முன்னர்த் தமிழகத்திலிருந்து கலமேறி வந்த வணிகரின் வழியினர். மலாக்காச் செட்டிகள் என்பது ஊர் வழக்கு. வீட்டுக்கு வீடு மாவிலைத் தோரணம் உண்டு. நெற்றியில் நீறு உண்டு. பெயர்கள் காமாட்சி, நடராஜா, பார்வதி. வாய் திறந்தால் மலாய். தமிழ் அவர்களிடம் பூசைப் பொருள்களின் பெயராகவும் உறவுப் பெயர்கள் சிலவாகவும் மட்டுமே தங்கியிருக்கிறது.

போகிப் படையலுக்கு அவர்கள் இட்ட பெயர் 'பர்ச்சு'. அதன் விதி எளியது, ஆனால் கடுமையானது. மறைந்தவர் எதை விரும்பி உண்டாரோ, அது இலையில் இருத்தல் வேண்டும். சுருட்டுப் பிரியருக்குச் சுருட்டு. காப்பிப் பிரியருக்கு அவர் விரும்பிய கசப்பில் காப்பி. விருப்பமானது இல்லையென்றால், வந்தவர் இலையைத் தொடாமல் திரும்பிவிடுவார் என்பது அவர்கள் துணிபு.

நாடு சுதந்திரம் பெற்றபின் வந்த இரண்டாம் போகி இது. அடுத்த வீட்டு மாக் காமாட்சி மறைந்தபின் வந்த முதற் போகியும் இதுவே. தெருவுக்கெல்லாம் சோறிட்ட அப்பெண்மணிக்கு எந்த உணவு பிடிக்கும் என்று அவர் பெற்ற மக்களுக்கே தெரியவில்லை. தம் வீட்டுக்கு வரும் தாய் பசியோடு திரும்பிவிடுவாரோ என்று அவர்கள் கலங்கினர். இத்தகைய நம்பிக்கைகளில் எனக்கு அவ்வளவு பிடிப்பில்லை. ஆயினும் அவ்வச்சம் வேலியைக் கடந்து என் வீட்டுக்கும் வந்துவிட்டது.

2

நான் தஞ்சைப் பக்கத்துக் கல்லூரியொன்றில் புலவர் தேர்வு எழுதித் தேறியவன். மலாக்காவில் ஒரு சிறு தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியர் தேவை என்று அழைப்பு வர, மனைவி சிவகாமியோடும் கைக்குழந்தை மங்கையோடும் கப்பலேறினேன். ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருந்த நம்மவர் ஒருவர், காஜா பேராங்கில் வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்தார்.

வந்த முதல் வெள்ளிக்கிழமை தெருக்கோடி அம்மன் கோயிலுக்குச் சென்றேன். பூப்போட்ட கைலியும் கெபாயா என்னும் மலாய்ச் சட்டையும் அணிந்த, உயரம் குறைந்த ஓர் அம்மையார் கருவறைக்கு எதிரே நின்றிருந்தார். நெற்றி நிறைய நீறு, கொண்டையில் பொன்னூசிகள். அவர் அம்மனிடம் சரளமான மலாயில் எதையோ முறையிட்டுக்கொண்டிருந்தார். இடையிடையே விரலை நீட்டிக் கண்டிக்கவும் செய்தார். கற்ற செருக்கோடு கப்பலிறங்கியிருந்த நான் பொறுக்கமாட்டாமல், "அம்மையீர், தங்கட்குத் தமிழ் தெரியாதோ?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சுடா மாக்கான்?" என்றார்.

சாப்பிட்டாயிற்றா என்பது அதன் பொருள். நான் அறியேன். எது சூடு, எதற்குச் சூடு என்று விழித்து நின்றேன். பசியால் வாயடைத்துவிட்டது என்று அவர் முடிவு செய்தார். என் கையைப் பற்றித் தம் வீட்டுக்கு இழுத்துச் சென்று, ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் முன்னே வைத்தார். நான் ஒன்றை உண்டு முடிக்குமுன் அடுத்ததை உரித்து நீட்டினார். அவர் என் அடுத்த வீட்டுக்காரர் என்பது எழுந்து வெளியே வந்தபோதுதான் தெரிந்தது.

தெருவில் அவரை எல்லாரும் 'மாக்' என்றே அழைப்பர். மாக் என்றால் அம்மா. கணவரைப் போருக்கு முன்பே இழந்தவர். மகன் நடராஜாவையும் மகள் பார்வதியையும் தனியே வளர்த்தார். பிள்ளைப் பேறு நிகழ்ந்த வீட்டில் வெற்றிலையோடும் வெந்நீரோடும் முதலில் நிற்பவர் அவர். சாவு நிகழ்ந்த வீட்டில், அடுப்பெரியாத நாட்களில், அவர் வீட்டுப் பெரிய பானை அங்கே இருக்கும். தபால்காரர், தெங்கேராவிலிருந்து மிதிவண்டியில் மீன் கொண்டுவருபவர், வழிதவறி வந்த அயலூரார் என எவரைக் கண்டாலும் முதற்சொல் "சுடா மாக்கான்?" என்பதே. மறுமொழிக்கு அவர் காத்திருப்பதில்லை, தட்டெடுக்கப் போய்விடுவார்.

நாம் திருப்பிக் கேட்டால், "சுடா, சுடா" என்று கையை வீசுவார். ஆயிற்று, ஆயிற்று. எப்போது ஆயிற்று, எங்கே ஆயிற்று என்று ஒருவரும் மேற்கொண்டு கேட்டதில்லை.

3

வேலிக்கு அப்பால் அவர் தோட்டம். ஊரில் நாம் கொல்லை என்போமே, அதைவிடச் சிறிது பெரிது. அங்கே ஒவ்வொரு செடிக்கும் ஓர் ஆள் உண்டு. மல்லிகையும் செவ்வரளியும் அம்மனுக்கு. மணமுள்ள எலுமிச்சை இலை, நடராஜாவின் மீன் குழம்புக்கு. சங்குப்பூக்கொடி, தெங்கேராவில் வாழ்க்கைப்பட்ட பார்வதி வரும்போது செய்யும் நீலப் பலகாரத்துக்கு. வெற்றிலை, பிள்ளை பெற்ற வீடுகளுக்கு. கறிவேப்பிலை எங்களுக்கு, அதை அவரே பதியம் எடுத்து எங்கள் பக்கம் நட்டுக் கொடுத்தார்.

பின்மூலை முந்திரி மரம் மட்டும் எவர் பெயரிலும் இல்லை. உயர்ந்த கிளைகளில் ஆண்டுதோறும் பூத்துக் காய்க்கும். தாழ்ந்த கிளைகள் ஒரு பூவும் பூத்ததில்லை. அதை வெட்டிவிட்டுத் தம் மோட்டார் சைக்கிளுக்குக் கொட்டகை போடவேண்டும் என்பது நடராஜாவின் நெடுநாள் திட்டம். "அது நிற்கட்டும்" என்பார் தாய். காரணம் சொல்லமாட்டார்.

நாங்கள் புலால் உண்ணாதவர்கள். செட்டிகளோ மீனின்றி உண்ணார். இறால் விழுது சேராத துவையல் அவர்களுக்குத் துவையலே அன்று. இதை அறிந்த நாள்முதல் மாக் எங்களுக்கெனத் தனிப் பானையும் கரண்டியும் வைத்தார். அதற்குச் 'செக்குப் பானை' என்று பெயர். ஆசிரியரை மலாயில் 'செகு' என்று விளிப்பர். என் செவிக்கு அது எண்ணெய் ஆட்டும் செக்காகவே ஒலிக்கும். அப்பானையை வேறு எதற்கேனும் எடுத்தால் வீட்டாருக்கு வசை விழும். ஆனால் பர்ச்சு நாளில் மட்டும் அவரால் எனக்கு உதவ இயலாது. இலையில் இருப்பன எல்லாம் மீனும் கோழியும் இறாலும். ஒரு பழத்தை என் கையில் வைத்துவிட்டு, தாமே குற்றம் செய்தவர் போல என் முகத்தைப் பார்ப்பார்.

சுதந்திரம் வந்தபின் குடியுரிமைப் பதிவுக்காக அலைந்த கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முதல் முறை என் நிழற்படம் சிறிது என்றனர். அடுத்த முறை, எது என் பெயர், எது என் தந்தையார் பெயர் என்பதில் அலுவலருக்கும் எனக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. பிறகு, என்னை நெடுங்காலம் அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவரை அழைத்துவரச் சொன்னார்கள். மாக் வந்தார், கோயிலுக்குச் செல்வதைப் போல அணிந்து வந்தார். உரையாடல் மலாயில் நடந்தது; தமிழில் தருகிறேன்.

"இவரை எவ்வளவு காலமாகத் தெரியும், மாக்?" என்றார் மலாய் எழுத்தர்.

"இவர் வீட்டுக் கறிவேப்பிலை என் முழங்காலளவு இருந்தபோதிருந்து."

"ஆண்டுக் கணக்கில் சொல்லுங்கள்."

"இப்போது அது என் தலைக்கு மேல். நீயே கணக்குப் போட்டுக்கொள், தம்பி. பள்ளிக்கூடம் போனவன்தானே?"

"சரி, நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?"

"உன் அலுவலகம் இங்கே வருவதற்கு முன்பே வந்தவர்கள். அதெல்லாம் இருக்கட்டும், முகம் வாடியிருக்கிறதே, சுடா மாக்கான்?"

எழுத்தர் சிரித்துவிட்டார். என்னிடமும் சில கேள்விகள் கேட்டார். நான் விடையிறுத்ததும் மேலும் சிரித்தார். "செகு, இது எந்தச் சமையலறையில் கற்ற மலாய்?" என்றார். மாக் தம் மார்பைத் தொட்டுக் காட்டினார். என் தாள்கள் அன்றே ஏற்கப்பட்டன.

4

ஊரில் இருப்போர் மடலுக்கு மடல் கேட்பது ஒன்றுண்டு: "மங்கை தமிழ் பேசுகிறாளா?"

பேசுகிறாள். ஆனால் பூவுக்கும் பூச்சிக்கும் அவள் அறிந்த பெயர்கள் மலாய்ப் பெயர்களே. பிற்பகல் முழுவதும் மாக் வீட்டுத் தோட்டத்தில் இருந்தால் வேறு எவ்வாறு ஆகும்? "அப்பா, ராமா-ராமாவுக்குத் தமிழ்ல என்னா?" என்று ஒருநாள் கேட்டாள். பட்டாம்பூச்சி என்றேன். "ரொம்ப நீளமா இருக்கே. அது பறந்து போயிடுமே, அதுக்குள்ள," என்றாள். சிரித்தேன், ஆனால் அன்று உறக்கம் வரவில்லை. அடுத்த வீட்டைப் பார்க்கும்போதெல்லாம், என் பெயரர் அம்மன் முன்னே நின்று விரல் நீட்டி மலாயில் முறையிடும் காட்சி எனக்குத் தோன்றும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவளை அழைத்துவர அங்கே சென்றேன். பூசை மாடத்தின் முன் மங்கை நின்று, பள்ளியில் நான் கற்பித்த இறைவணக்கப் பாடலைப் பாடிக்கொண்டிருந்தாள். மாக் கண்மூடி அமர்ந்திருந்தார். பாட்டு முடிந்தது. அவர் கண்திறந்து மங்கையைப் பார்த்துத் தலையசைத்தார், ஒப்புதலாக அன்று. "இன்னொரு முறை," என்றார் மலாயில். என்னைக் கண்டதும், "இவள் ஒரு வரியை விழுங்கிவிட்டாள், செகு," என்றார்.

உண்மைதான். மூன்றாம் அடி விடுபட்டிருந்தது. பாடலின் ஒரு சொல்லுக்கும் பொருள் அறியாதவர் அதைக் கண்டுபிடித்திருந்தார்.

"வாரந்தோறும் பாடச் சொல்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"அம்மனுக்கு எங்கள் மலாயைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கும். நம் பழைய பேச்சைக் கொஞ்சம் கேட்கட்டுமே. பிழையாகப் பாடினால் மாம்பழம் கிடையாது என்று சொல்லியிருக்கிறேன்."

என் மகளின் தமிழை நான் பள்ளியில் காத்துவருவதாக எண்ணியிருந்தேன். வேலிக்கு அப்பால் மாம்பழம் கொடுத்து ஒருவர் காத்து வந்திருக்கிறார். அன்றிலிருந்து ஊராரின் அக்கேள்விக்கு நான் அஞ்சியதில்லை.

5

கடந்த வைகாசியில், அம்மனுக்குப் பூப்பறித்துக் கூடையில் ஈரத்துணி போர்த்தி வைத்துவிட்டு நண்பகலில் சற்றுக் கண்ணயர்ந்தவர் பிறகு எழவில்லை. நோயில்லை, படுக்கையில்லை. பூக்கூடையை நானே கோயிலுக்குக் கொண்டுசென்று கொடுத்தேன்.

போகிக்கு முந்திய நாள் பிற்பகல், வேலியருகே நடராஜாவின் மனைவி லெட்சுமியின் குரல் கேட்டது. அவ்வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவள் அவள் ஒருத்தியே. குருபோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள்.

"சார், கொஞ்சம் வாங்களேன்! அக்காவையும் கூப்பிடுங்க. இவங்க ரெண்டு பேரும் காலையிலேருந்து ஒரே சண்டை. நான் மார்க்கெட்டுக்குப் போறதா வேணாமா, ஒன்னும் முடிவாவல."

அவள் பின்னால் நடராஜா நின்றார். பொதுப்பணித் துறையில் எழுத்தர். மனைவியிடம் கற்ற தமிழை என்னிடம் பயிலுவது அவர் வழக்கம். "செகு, நீங்க சொல்லு," என்றார். "அம்மா விருப்பம் மீன் பிண்டாங். எல்லா ஞாயித்துக்கிழமையும் ஆக்கும். வேற என்னா வேணும்?" பிண்டாங் என்பது புளியும் மிளகும் கூட்டிய மீன் குழம்பு.

தெங்கேராவிலிருந்து அன்று காலையே வந்திருந்த பார்வதி மலாயில் குறுக்கிட்டார். "அது உன் விருப்பம், அண்ணா. உனக்காக ஆக்கியது. அம்மாவுக்கு நீலப் பலகாரம்தான் உயிர். நான் வரும்போதெல்லாம் செய்வார்."

"நீ வரும்போதெல்லாம்! நீ வராதபோது செய்தாரா?"

 அப்போது சிவகாமி, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். "ரெண்டும் இல்லீங்க. அவங்களுக்குப் பிடிச்சது என் சர்க்கரைப் பொங்கல். வெள்ளிக்கிழமை தவறாம குடுப்பேன். கிண்ணம் தொடைச்ச மாதிரி திரும்பி வரும்."

லெட்சுமி உதட்டைக் கடித்தாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க லா. அந்தப் பொங்கலை நான்தான் சாப்பிடுவேன். ரொம்ப இனிப்புன்னு அத்தை எங்கிட்ட குடுத்துடுவாங்க."

"இத்தனை வருசமாவா?"

"இத்தனை வருசமாத்தான். நல்லா இருக்கும்க்கா."

சிவகாமி சிரிப்பதா சினப்பதா என்று தெரியாமல் நின்றாள். நான் வகுப்பறையில் கேட்பதைப் போலக் கேட்டேன்: "உங்களுள் எவரேனும் அவர் உட்கார்ந்து உண்ணக் கண்டதுண்டா?"

 பார்வதி அண்ணனைப் பார்த்தார்.  தாய் பரிமாறியது எல்லாருக்கும் நினைவிருந்தது. உண்டது ஒருவருக்கும் நினைவில்லை. அண்ணன் வீட்டில் உண்டிருப்பார் என்று தங்கையும், தங்கை வரும்போது உண்பார் என்று அண்ணனும் எண்ணியிருந்தனர் போலும்.

"அப்போ நாளைக்கு வந்து..." என்று தொடங்கிய பார்வதி, முடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லெட்சுமிதான் மெல்லப் பேசினாள். "எல்லாரும் சாப்பிட்டு முடிச்சதும் நான் சட்டி கழுவ உக்காருவேன். அத்தை ஒரு தட்டுல ஆறிப்போன சோறு போட்டுக்கிட்டு பின்பக்கம் போவாங்க. நீங்க சாப்பிடலியான்னு கேட்டா, 'சுடா, சுடா, இது கோழிக்கு'ம்பாங்க."

"ஆமா," என்றாள் சிவகாமி. "நானும் துணி காயப்போடறப்போ பாத்திருக்கேன். எங்கேன்னு கேட்டா கோழிக்குன்னு கையைக் காட்டுவாங்க. உங்க வீட்டுக் கோழியெல்லாம் குடுத்துவச்சதுன்னு நெனைச்சுக்குவேன்."

"எங்க வீட்டுக் கோழியா? எங்ககிட்ட ஏதுக்கா கோழி? உங்க கோழிதானே அது!"

"எங்க கோழியா? முட்டையைக்கூடத் தொடாத வீடுடி இது!"

"அதான் நானும் யோசிச்சேன். தின்னமாட்டாங்க, பாவம், புண்ணியத்துக்கு வளர்க்குறாங்க போலன்னு..."

இருவரும் வேலியின் இருபுறமும் நின்று ஒருவரையொருவர் பார்த்தனர். தெருவில் எவர் கோழியோ எப்போதும் மேய்ந்துகொண்டிருக்கும். ஆகவே எவருக்கும் ஐயம் எழவில்லை. இத்தனை ஆண்டுகள் அவ்வீட்டார் எங்கள் கோழிகளையும், நாங்கள் அவ்வீட்டுக் கோழிகளையும் மனத்துக்குள்ளே வளர்த்து வந்திருக்கிறோம்.

நடராஜா தாழ்ந்த குரலில் சொன்னார்: "கோழி இல்ல. ஜப்பான் காலத்துல எல்லாம் போச்சு. அதுக்கு அப்புறம் வாங்கவே இல்ல."

6

தட்டோடு அவர் எங்கே சென்றார்? பின்பக்கம் என்றாள் லெட்சுமி. மூலைக்கு என்றாள் சிவகாமி. நாங்கள் வேலியைச் சுற்றிக்கொண்டு அத்தோட்டத்துக்குள் நுழைந்தோம். மங்கை எங்களுக்கு முன்னே ஓடினாள்.

முந்திரி மரத்தடியில் எல்லாரும் நின்றோம். தாழ்ந்த கிளைகள், பூத்தே அறியாத அக்கிளைகள், செம்பு நிறக் கொழுந்துகளால் நிறைந்திருந்தன. நுனிதோறும் இளஞ்சிவப்புப் பூங்கொத்து. மரத்தைப் பற்றி நான் அறிந்தது சிறிதே. ஆயினும் இதற்கு மரநூல் வேண்டியதில்லை. முந்திரி கொழுந்தின் நுனியில் பூக்கும். கொழுந்தை விடாமல் கிள்ளினால் அக்கிளைக்குப் பூக்க வழியில்லை. கிளைகளின் பழைய நுனிகளில் கிள்ளிய தழும்புகள் முண்டுமுண்டாகத் தெரிந்தன. உயரம் குறைந்த ஒரு பெண்மணியின் கை எட்டும் அளவோடு அத்தழும்புகள் நின்றுவிட்டன. வைகாசிக்குப் பிறகு எவர் கையும் படாமையால் மரம் தாழ்ந்த கிளையிலும் பூத்திருக்கிறது.

அடிமரத்தருகே வழவழப்பான ஒரு கல். கல்லின் கை எட்டும் தொலைவில் ஒரு காந்தாரி மிளகாய்ச் செடி; சமையலறைப் பக்கம் அத்தனை மிளகாய்ச் செடிகள் இருக்க, இது மட்டும் இங்கே. கிளைக்கவட்டில் ஒரு சிரட்டை. அதன் மேல் இன்னொரு சிரட்டை கவிழ்த்திருந்தது. லெட்சுமி எடுத்துப் பார்த்தாள். உள்ளே கல்லுப்பு, ஈரம் ஏறிக் கட்டியாக.

"பூச்சுக் காஜுஸ்," என்றார் பார்வதி. முந்திரிக் கொழுந்து. சொல்லிவிட்டு அக்கல்லிலேயே அமர்ந்துவிட்டார்.

இங்குள்ளோர் முந்திரிக் கொழுந்தைப் பச்சையாகவே, இறால் விழுது கூட்டி இடித்த மிளகாய்த் துவையலில் தோய்த்துச் சோற்றோடு உண்பர். மலாய்க்காரர் வீடுகளில் நாளும் காணலாம். மாக் வீட்டில் மட்டும் ஒருபோதும் நான் கண்டதில்லை. ஏன் என்பது நடராஜா பேசியபோது விளங்கியது. இம்முறை அவர் தமிழைத் தேடவில்லை, மலாயிலேயே சொன்னார்.

ஜப்பானியர் ஆண்ட காலத்தில் தெரு முழுவதும் மரவள்ளிக் கிழங்கையும் இலை தழைகளையும் உண்டே உயிர் பிழைத்தது. போர் முடிந்து வீட்டுக்கு முதல் அரிசி வந்த அன்று, இளைஞராக இருந்த நடராஜா தட்டின் முன் அமர்ந்து, "இனிமேல் இந்த வீட்டுக்குள் ஒருவரும் இலை தின்னக்கூடாது. நாம் ஆடுகள் அல்ல," என்று தாயிடம் உறுதி கேட்டாராம். தாய், "சரி," என்றாராம்.

அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு தமிழுக்கு வந்தார். "அம்மா சொன்ன சொல் மாறல, செகு. வீட்டுக்குள்ள தின்னல."

முதலில் லெட்சுமி சிரித்தாள். அடுத்து அவரும் சிரித்தார். சிரிப்பின் நடுவே கண்ணைக் கைலியால் துடைத்துக்கொண்டார். கல்லில் அமர்ந்திருந்த பார்வதி, "கோழிக்காம், கோழிக்கு!" என்று சொல்லிச் சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். காலை முதல் அவர்கள் நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. நாளை இலையில் என்ன வைப்பது என்று இனி எவரும் கேட்கத் தேவையில்லை.

"மோட்டார் சைக்கிள் கொட்டகை?" என்று கணவரைச் சீண்டினாள் லெட்சுமி.

"மழையில நனைஞ்சா அது ஒன்னும் செத்துப்போகாது," என்றார் அவர்.

7

மறுநாள் மாலை சாம்பிராணிப் புகை நடுவே இலைகள் விரிக்கப்பட்டன. மாக்கின் இலையில் பிண்டாங்கும் இருந்தது. நீலப் பலகாரமும் இருந்தது. மக்களின் விருப்பமும் தாய்க்கு விருப்பமே என்று இருவரும் உடன்பட்டிருந்தனர். சிவகாமி சர்க்கரைப் பொங்கல் கொண்டுசென்றாள். "ஒரு துளி மட்டும் வையி. அதான் பிடிக்காதே," என்றாள். "மிச்சம் ஆவாதுக்கா, நான் இருக்கேன்ல," என்றாள் லெட்சுமி. இலையின் நடுவே ஆறிய சோறு, அதன் அருகே இடித்த துவையல், கழுவித் துடைத்த செங்கொழுந்து ஒரு கைப்பிடி, சிரட்டையில் உப்பு.

அழைப்பு முடிந்ததும் எல்லாரும் வெளியே வந்துவிடுவது இவ்வீட்டு முறை. வருபவர் கூச்சமின்றி உண்ணவேண்டும் அல்லவா? கதவு ஒருக்களித்து வைக்கப்பட்டது. முன்வாசலில் நின்றிருந்தோம். மங்கை எவரும் சொல்லாமலே அந்த இறைவணக்கப் பாடலைப் பாடினாள். மூன்றாம் அடி வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் விழுங்கவில்லை.

சற்றுக் கழித்து நடராஜா கதவைத் திறந்தார். உள்ளே செல்லாமல் நிலையருகே நின்று, விளக்கை நோக்கி, "சுடா மாக்கான், மாக்?" என்று கேட்டார். அவ்வீட்டில் அக்கேள்வியைக் கேட்டுவிட்டு மறுமொழிக்காக ஒருவர் காத்து நின்றதை அன்றுதான் கண்டேன். விளக்கு அசையாமல் எரிந்தது. "சுடா," என்று அவரே தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டு உள்ளே சென்றார்.

பிறகு எல்லாரும் உண்ண அமர்ந்தோம். பார்வதி மாக்கின் இலையிலிருந்து ஒரு கொழுந்தை எடுத்து மென்றார், முகத்தைச் சுளித்தார். "ஐயோ, வாய் கட்டிக்கொள்கிறது!" என்றார். நடராஜா தம் பங்கைத் துவையலில் நன்றாகத் தோய்த்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். "ஆடு," என்றாள் லெட்சுமி.

வழக்கமாக என் கையில் பழத்தை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பவர் அன்று அங்கில்லை. நடராஜா பழத்தட்டை எடுக்க எழுந்தார். வேண்டாம் என்று தடுத்தேன். மாக்கின் இலையிலிருந்து, துவையல் படாத கொழுந்து ஒன்றை எடுத்து உப்பில் தொட்டு வாயிலிட்டேன். துவர்ப்பு நாவைப் பற்றி இழுத்தது. தண்ணீர் குடித்தபின் அடித்தொண்டையில் மெல்லிய இனிப்பு. இத்தெருவுக்கு வந்த நாள்முதல் அவ்வீட்டுப் பர்ச்சு இலையில் எனக்கு ஏற்ற உணவு இருந்ததில்லை. இவ்வாண்டு இருந்தது. இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து, பள்ளி தொடங்கி, வழக்கம்போல் நாட்கள் நடக்கின்றன. நேற்று விடுமுறை. நண்பகலில் நான் முன்னறையில் மாணவர் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பின்பக்கம் சிவகாமி துணி உலர்த்துவது கேட்டது. வேலிக்கு அப்பால் தட்டில் கரண்டி உரசும் ஒலி. பிறகு தோட்டத்து மூலையை நோக்கிச் செல்லும் மிதியடியின் ஒலி.

"எங்கே லெட்சுமி, இந்த வெயில்ல?" என்று சிவகாமி கேட்டாள்.

"கோழிக்குத்தான்க்கா!"

சிவகாமியின் சிரிப்பு என் மேசை வரை கேட்டது. கட்டுரைகளை மூடி வைத்துவிட்டு இக்குறிப்புகளை எழுத அமர்ந்தேன்.